மஞ்சளாகாத குழி: கடல் உயிரிகளும் நொதித் தடுப்பான்களும்

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்று அதில் 96 சிறு குழிகள். எல்லாக் குழிகளிலும் ஒரே நொதியும், அந்த நொதி வெட்டினால் மஞ்சளாக மாறும் ஒரு பொருளும் ஊற்றப்பட்டிருக்கின்றன. கூடவே, குழிக்கு ஒன்றாக வெவ்வேறு கடல் உயிரிகளிலிருந்து எடுத்த சாறு ஒரு சொட்டு. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தட்டு முழுக்க மஞ்சள். மூன்றோ நான்கோ குழிகள் மட்டும் நிறமில்லாமல் வெளிறிக் கிடக்கின்றன. ஆராய்ச்சியாளரின் கண் போவது அந்த வெளிறிய குழிகளுக்குத்தான். அங்கேயும் நொதி இருக்கிறது, வெட்டவேண்டிய பொருளும் இருக்கிறது. வேலை மட்டும் நடக்கவில்லை. சாற்றில் இருந்த ஏதோ ஒன்று நொதியின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

"கடற்பஞ்சிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து" என்ற தலைப்பில் வரும் செய்திகளில் கணிசமானவை இப்படியொரு குழியில் தொடங்கியவை. பெரும்பாலானவை இந்தக் குழியைத் தாண்டவுமில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் நொதியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும்.

நொதியும் அதன் பள்ளமும்

என்சைம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததுதான் நொதி. அநேகமாக எல்லா நொதிகளும் புரதங்கள். நீண்ட சங்கிலியாக உருவாகி, தானே சுருண்டு மடங்கி, ஒரு நூல்கண்டுபோல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கண்டின் மேற்பரப்பில் ஓரிடத்தில் ஒரு பள்ளம். வேலை முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் நடக்கிறது. அதற்கு வினைத்தளம் என்று பெயர். குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு அதற்குள் வந்து பொருந்துகிறது, வெட்டப்படுகிறது அல்லது ஒட்டப்படுகிறது, வெளியேறுகிறது, அடுத்தது வருகிறது. நம் ரத்தத்தில் கரியமில வாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்து லட்சம் மூலக்கூறுகளை இப்படி மாற்றி அனுப்பும்.

பூட்டும் சாவியும் போலத்தான் நொதியும் அது பிடிக்கும் மூலக்கூறும் என்று 1894-இல் எமில் ஃபிஷர் சொன்னார். அந்த உவமையில் ஒரு குறை உண்டு. பூட்டு இரும்பு, நொதி அப்படியல்ல. சாவி நுழையும்போது அதுவும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். இதைப் பின்னாளில் டேனியல் காஷ்லண்ட் சுட்டிக்காட்டினார். ஆனாலும் நம் தேவைக்குப் பூட்டும் சாவியும் போதும்.

தடுப்பான் என்பது பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல், அங்கேயே நின்றுவிடும் போலிச் சாவி. சில போலிச் சாவிகள் நுழையும், பிறகு தாமாகவே வெளியே வந்துவிடும். அசல் சாவிகள் ஏராளமாக இருந்தால் போட்டியில் தோற்றும்போகும். சில, உள்ளே முறிந்து மாட்டிக்கொண்டதுபோல் வேதிப் பிணைப்பால் ஒட்டிவிடும். அந்த நொதி அதோடு சரி. செல் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளவேண்டியதுதான். மூன்றாவது வகை பள்ளத்தின் பக்கமே போகாது. கண்டின் வேறு மூலையில் உட்கார்ந்து அழுத்த, பள்ளம் கோணிக்கொள்ளும்.

இது ஏதோ அபூர்வமான மருத்துவ உத்தி அல்ல. ஆஸ்பிரின், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருளைத் தயாரிக்கும் நொதியில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள், கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பின் ஒரு முக்கியமான கட்டத்தைக் கையாளும் நொதியை மறிக்கின்றன. பெனிசிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிறது. ஆஸ்பிரினின் வேர் மரப்பட்டையில், பெனிசிலினும் முதல் ஸ்டாட்டின்களும் பூஞ்சையில். நிலத்தை இப்படித் துழாவிய பிறகுதான் கடலின் முறை வந்தது.

பெனிசிலினை இங்கே ஒரு காரணத்துக்காகச் சொன்னேன். அது தடுக்கும் நொதி பாக்டீரியாவிடம் உண்டு, நம்மிடம் இல்லை. அந்த மருந்தின் பாதுகாப்புக்குப் பெரிய காரணம் இதுதான். ஒரு பொருள் நொதியைத் தடுக்கிறது என்பது பாதிச் செய்திதான். எதைத் தடுக்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்பது மீதிப் பாதி. கடலிலிருந்து வந்த பல பொருள்களின் கதி அந்த இரண்டாவது பாதியில்தான் முடிவாகியிருக்கிறது.

ஓட முடியாதவனின் ஆயுதம்

கடற்பஞ்சைப் பாருங்கள். அது விலங்குதான். ஆனால் பாறையில் ஒட்டியபடி வாழ்நாளைக் கழிக்கிறது. ஓட முடியாது, கடிக்கப் பல் கிடையாது, ஒளிந்துகொள்ள ஓடு கிடையாது. மீன் வந்து கொத்தலாம், பக்கத்துப் பவளம் மேலேறி மூடலாம், பாக்டீரியா படர்ந்து அழுகவைக்கலாம். மென்பவளங்களுக்கும், பைபோல உட்கார்ந்து தண்ணீரைப் பீய்ச்சும் அசிடியன்களுக்கும், ஓட்டைத் துறந்துவிட்ட கடல் நத்தைகளுக்கும் இதே நிலைமைதான். இவற்றில் பல, வேதிப்பொருளைக் கவசமாக்கிக்கொண்டவை. தின்ன வருபவனுடைய உடலின் ஏதோ ஒரு புரதத்தில் போய் முட்டினால்தான் அந்தப் பொருளால் பயன். நொதிகள் இந்த ஆயுதங்களுக்கு இலக்காக இருப்பதில் வியப்பில்லை.

இன்னொன்று, கடலில் எதை வெளியே விட்டாலும் உடனே கரைந்து பரவிவிடும். அதனால் மிகச் சொற்ப அளவிலேயே வேலைசெய்யும் பொருள்கள்தான் அங்கே எடுபட்டிருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல உயிரிகள் தங்கள் நஞ்சை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன என்பதால், நான் இதை அரைமனதோடுதான் ஏற்கிறேன்.

உயிரிகள் என்று சொல்லும்போதே ஒரு திருத்தமும் தேவை. சில கடற்பஞ்சு இனங்களின் உடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இடத்தை நுண்ணுயிரிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கடற்பஞ்சின் சரக்கு என்று எடுத்த பொருள், உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவின் சரக்காக இருக்கலாம். கரீபியன் கடலின் ஓர் அசிடியனிலிருந்து கிடைத்து, 2007-இல் ஐரோப்பாவில் புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்ற டிராபெக்டெடின் அப்படிப்பட்டதுதான். அதைச் செய்வது அசிடியனோடு சேர்ந்து வாழும் ஒரு பாக்டீரியா. அந்த மருந்து டி.என்.ஏ.வோடு நேராகப் பிணைவது, நொதித் தடுப்பான் அல்ல. ஆனாலும் உரிமையாளர் யார் என்ற குழப்பத்துக்கு நல்ல உதாரணம்.

ஒரு தவறான சர்க்கரை

கடலிலிருந்து நொதித் தடுப்பான் மருந்து ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் சைட்டராபினைத்தான் சொல்வேன். எல்லாம் இதில் இருக்கிறது: தற்செயல், வேதியியல், வெற்றி, அதற்குக் கொடுத்த விலை.

வெர்னர் பெர்க்மன், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர். கடற்பஞ்சுகளின் கொழுப்புப் பொருள்களில் அவருக்கு ஆர்வம். மருந்து தேடி அவர் கடலுக்குப் போகவில்லை. ஃபுளோரிடா கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரிலிருந்து 1945-இல் எடுத்த ஒரு கடற்பஞ்சை (இன்று அதன் பெயர் டெக்டிடெதியா கிரிப்டா) அசிட்டோனில் கொதிக்கவைத்துச் சாறு இறக்கியபோது, எதிர்பாராத படிகங்கள் கிடைத்தன. அவை கொழுப்பு அல்ல. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றைக் கட்டும் செங்கற்களை ஒத்தவை. ஸ்பாஞ்சோதைமிடின், ஸ்பாஞ்சோயூரிடின் என்ற அந்தப் பொருள்களைப் பற்றிய கட்டுரைகள் 1950-களின் தொடக்கத்தில் வந்தன.

ஒத்தவை என்றேன், ஒரே மாதிரியானவை என்று சொல்லவில்லை. நம் உடலில் அந்தச் செங்கல்லுக்குள் இருக்கும் சர்க்கரை, ஆர்.என்.ஏ. என்றால் ரைபோஸ், டி.என்.ஏ. என்றால் ஓர் ஆக்சிஜன் குறைந்த ரைபோஸ். கடற்பஞ்சிடம் இருந்தது அரபினோஸ். ரைபோஸுக்கும் அரபினோஸுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று கேட்டால் சிரிப்பு வரும். இரண்டிலும் அதே ஐந்து கார்பன், அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. சர்க்கரை வளையத்தை மேசைமேல் தட்டையாக வைத்ததுபோல் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டாவது கார்பனில் தொங்கும் ஒரே ஒரு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி, ரைபோஸில் கீழ்நோக்கி இருக்கும்; அரபினோஸில் மேல்நோக்கி இருக்கும். அவ்வளவுதான்.

அதுவரை உயிரினங்களின் செங்கல்லில் ரைபோஸ் வகைச் சர்க்கரைதான் இருக்கமுடியும் என்று எண்ணியிருந்தார்கள். சர்க்கரையை மாற்றினாலும் செங்கல் செங்கல்லாகவே தெரியும் என்பதைக் கடற்பஞ்சு காட்டிக்கொடுத்தது. உடனே வேதியியலாளர்களுக்குக் கை அரிக்கத் தொடங்கியது. 1959-இல் ஆய்வகத்தில் செய்யப்பட்டதுதான் சைட்டராபின்: டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினோடு அரபினோஸ். கவனியுங்கள், பெர்க்மனின் படிகங்களில் இது இல்லை. கடல் கொடுத்தது யோசனையை; மருந்தை மனிதன் செய்தான். அமெரிக்காவில் 1969-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

இனி அது செல்லுக்குள் செய்யும் வேலை. உள்ளே நுழைந்ததும் செல்லின் நொதிகளே, "நம்ம ஆள்தான்" என்று நம்பி, அதன்மேல் பாஸ்பேட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஏற்றிவிடுகின்றன. மூன்று ஏறினால்தான் அது டி.என்.ஏ.வைக் கட்டும் டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியின் பள்ளத்தில் உட்காரத் தகுதிபெறும். அங்கே அசல் செங்கல்லோடு போட்டியிட்டு இடம் பிடிக்கிறது. சில சமயம் சங்கிலியிலேயே சேர்ந்தும்விடுகிறது. அப்போதுதான் மேல்நோக்கிய அந்த ஆக்சிஜன் வினையைக் காட்டுகிறது. அடுத்த செங்கல்லை வைக்கவேண்டிய கோணம் சற்றுப் பிசகுகிறது, நொதி தடுமாறுகிறது, கட்டுமானம் நின்றுபோகிறது. டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்க முடியாத செல், பிரிய முடியாமல் மடிகிறது.

கடுமையான மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு "ஏழு–மூன்று" என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஒரு சிகிச்சை 1970-களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏழு நாள் சைட்டராபின், மூன்று நாள் இன்னொரு மருந்து. அந்த ஏழு நாளும் சைட்டராபின் நரம்பு வழியாக இடைவிடாமல் சொட்டுச் சொட்டாக இறங்கவேண்டும். காரணம், கல்லீரல் போன்ற இடங்களில் உள்ள வேறொரு நொதி அதைக் கண்ட இடத்தில் பிடித்து, பயனற்ற பொருளாக மாற்றிவிடும். மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதி வழியிலேயே வீண். ஆக, இந்த மருந்தைத் தயார்செய்வது ஒரு நொதி, மருந்து மறிப்பது இன்னொரு நொதி, மருந்தை அழிப்பது மூன்றாவது நொதி. பாஸ்பேட் ஏற்றும் முதல் நொதியைக் குறைத்துக்கொண்ட புற்றுச் செல்கள் இந்த மருந்துக்கு அசைந்துகொடுப்பதில்லை.

இப்போது அந்த இரண்டாவது பாதிக்கு வருவோம். டி.என்.ஏ. பாலிமரேஸ் நம் எல்லாச் செல்களிலும் உண்டு. சைட்டராபினுக்குப் புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று தெரியாது. வேகமாகப் பிரியும் செல் எது என்பதுதான் அதற்குக் கணக்கு. எலும்பு மஜ்ஜையும் குடலின் உள்தோலும் வேகமாகப் பிரிபவைதாம். அதனால் ரத்த அணுக்கள் சரிகின்றன, வாய் புண்ணாகிறது, நோயாளி துவண்டுபோகிறார். இவ்வளவுக்குப் பிறகும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சைட்டராபின் இருக்கிறது என்றால், எதிரே நிற்கும் நோய் அத்தனை கொடியது என்று பொருள்.

இதே அரபினோஸை இன்னோர் எழுத்தான அடினினோடு சேர்த்தால் விடராபின். அது ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான மருந்தாக 1976-இல் வந்தது. ஆய்வகத்தில் 1960-இல் செய்த அந்தப் பொருளை, 1984-இல் மத்தியதரைக் கடலின் ஒரு விசிறிப் பவளத்தில் கண்டுபிடித்தார்கள். மனிதன் யோசித்துச் செய்ததைக் கடல் முன்னமே செய்துவைத்திருந்தது.

அபார வலிமை, ஆனால் மருந்தில்லை

ஒரு தடுப்பான் எவ்வளவு வலியது என்பதற்கு ஆய்வுக் கட்டுரைகளில் ஓர் எண் கொடுப்பார்கள். நொதியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு போதும் என்பதுதான் அது. எண் சிறியதாக இருந்தால் தடுப்பான் வலியது. மைக்ரோமோலார் அளவு என்றால் பரவாயில்லை ரகம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமோலார் என்றால் நிமிர்ந்து உட்காரலாம்.

ஒகடாயிக் அமிலத்துக்கு நானோமோலாரே போதும். ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு மில்லிகிராம் கரைத்தால் வரும் செறிவு ஏறத்தாழ அதுதான். ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்ற கடற்பஞ்சிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர். அமைப்பு வெளியானது 1981-இல். பிறகுதான் தெரிந்தது, அதைத் தயாரிப்பது கடற்பஞ்சு அல்ல, தண்ணீரில் மிதக்கும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரி. கடற்பஞ்சு ஒரு நாளில் தன் உடலைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு தண்ணீரை வடிகட்டுகிறது. வடிகட்டியில் தங்கியது இந்த நஞ்சு.

அது தடுக்கும் நொதிகள் பாஸ்படேஸ்கள். நம் செல்களில் புரதங்களுக்குப் பாஸ்பேட்டை ஒட்டிவிட ஒரு கூட்டம், கழற்றிவிட ஒரு கூட்டம். ஒட்டுவது கைனேஸ், கழற்றுவது பாஸ்படேஸ். விளக்குப் பொத்தானைப் போடுவதும் அணைப்பதும் மாதிரி. ஒகடாயிக் அமிலம் அணைக்கும் கையைப் பிடித்துக்கொள்கிறது, எல்லா விளக்கும் எரிந்துகொண்டே இருக்கிறது. இதிலும் ஒரு பாரபட்சம் உண்டு. பாஸ்படேஸ் 2ஏ என்ற நொதியை மடக்கப் போதுமான அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருந்தால்தான் பாஸ்படேஸ் 1 அசையும். இந்த வித்தியாசம் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய கொடை. செல்லில் கொஞ்சம் விட்டு ஒன்றையும், கூட விட்டு இரண்டையும் நிறுத்தி, எது என்ன வேலை செய்கிறது என்று பிரித்தறிந்தார்கள்.

மருந்தாகுமா? ஆகாது. இந்த இரண்டு நொதிகளும் உடல் முழுக்க எண்ணற்ற வேலைகளில் கைவைத்திருப்பவை, நிறுத்தினால் தாங்காது. போதாததற்கு, விலங்குகளில் புற்றுக்கட்டி வளரத் தூண்டுவதாகவும் தெரியவந்தது. அந்த நுண்ணுயிரியைத் தின்ற சிப்பிகளைச் சாப்பிட்டால் கடும் வயிற்றுப்போக்கு. சமைத்தாலும் நஞ்சு போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கிலோ சிப்பி இறைச்சியில் 160 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக்கூடாது. அந்த அளவைக் கண்டுபிடிக்க உதவும் சோதனைகளில் ஒன்று, முதலில் சொன்ன அதே குழித்தட்டுதான்: பாஸ்படேஸும், அது வெட்டினால் மஞ்சளாகும் பொருளும், சிப்பிச் சாறும். குழி வெளிறினால் சிப்பியில் நஞ்சு.

அரசர்களின் ஊதா

கைனேஸ்கள் பக்கம் ஒரு கதை இருக்கிறது. மத்தியதரைக் கடலில் முரெக்ஸ் குடும்பத்து முள்சங்குகள் உண்டு. அவற்றின் உடலுக்குள் ஒரு சுரப்பி; அதிலிருந்து எடுக்கும் திரவத்துக்கு முதலில் நிறமே இருக்காது. காற்றும் வெயிலும் பட்டதும் மஞ்சள், பச்சை என்று மாறி, கடைசியில் ஊதாவாக நிலைக்கும். டயர் (லெபனான் கரையிலுள்ள பழைய துறைமுகம்) நகரத்து ஊதா என்று பெயர்பெற்ற சாயம் இது. பேரரசர்களின் அங்கிக்கு உகந்தது. 1909-இல் பால் ஃபிரீட்லேண்டர் 12,000 சங்குகளை உடைத்து 1.4 கிராம் சாயம் எடுத்தார். அது அவுரிச் சாயத்தின் மூலக்கூறுதான், இரண்டு புரோமின் அணுக்கள் கூடுதலாக ஒட்டியிருக்கின்றன. கடல்நீரில் புரோமின் தாராளம் என்பதால், கடல் உயிரிகளின் பொருள்களில் அது அடிக்கடி தலைகாட்டும். நிலத்துச் செடிகளில் காண்பது அரிது.

அந்தச் சாயக் கலவையில் சிறிதளவு கலந்திருக்கும் இன்னொரு பொருள் 6-புரோமோஇண்டிருபின். அதிலிருந்து செய்த ஒரு வழிப்பொருள், ஜி.எஸ்.கே.-3 என்ற கைனேஸை சில நானோமோலார் அளவிலேயே நிறுத்துகிறது என்று 2003-இல் வெளியானது. அல்சைமர் நோயில் மூளைச் செல்களுக்குள் சிக்குண்டு கிடக்கும் டௌ என்ற புரதத்தின்மேல் அளவுக்கு மீறிப் பாஸ்பேட்டை ஒட்டுபவற்றில் இந்த நொதியும் ஒன்று. ஆகவே ஆர்வம் பற்றிக்கொண்டது.

ஆனால் மனித உடலில் கைனேஸ்கள் ஐந்நூறுக்கும் மேல். எல்லாமே பாஸ்பேட்டை எடுப்பது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. (ATP) என்ற ஒரே கடையிலிருந்து. ஏ.டி.பி. உட்காரும் பள்ளம் எல்லாவற்றிலும் அண்ணன் தம்பி முகம்போல் ஒரே சாயல். இண்டிருபின் வகைப் பொருள்கள் போய் அடைப்பது அந்தப் பள்ளத்தைத்தான். ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு மீதி ஐந்நூறை விட்டுவிடும் சாவியைச் செதுக்குவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சங்கின் அந்தப் பொருள் இன்றும் மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆய்வகங்களில், குறிப்பாகத் தண்டுச் செல் ஆராய்ச்சியில், நல்ல கருவியாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

வெளிறிய குழி பொய் சொல்லும்

இதைப் பற்றிப் பொதுவாசகர்களுக்கு யாரும் அதிகம் சொல்வதில்லை. குழி மஞ்சளாகாததற்கு, தடுப்பான் பள்ளத்தில் போய் உட்கார்ந்ததைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். சில பொருள்கள் தண்ணீரில் சரியாகக் கரையாமல், கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகத் திரளும். நொதிகள் அந்த உருண்டைகளின்மேல் ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். இப்படிப்பட்ட பொருள் எந்த நொதியைக் கொடுத்தாலும் "தடுக்கும்". பிடிக்க எளிய வழி, ஒரு சொட்டுச் சோப்பு போன்ற பொருள். அதைக் குழியில் சேர்த்ததும் உருண்டை உடைந்து, குழி மறுபடி மஞ்சளானால், கண்டுபிடிப்பு கைநழுவியது என்று பொருள். வேறு சில, குறிப்பாகக் கடற்பஞ்சுகளில் மலிந்த குவினோன் வகைப் பொருள்கள், அகப்பட்ட புரதத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும் குணமுடையவை. சாற்றுக்கே நிறமிருந்து அளவியைக் குழப்புவதும் உண்டு.

இவற்றையெல்லாம் தாண்டி வந்தாலும் அளவு என்ற சுவர் நிற்கிறது. 1986-இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளை எடுக்க 600 கிலோ கடற்பஞ்சு செலவானது, கிடைத்தது 12.5 மில்லிகிராம். முன்பு சொன்ன டிராபெக்டெடினில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு டன் அசிடியன். கடலைச் சுரண்டி மருந்துக்கடையை நிரப்ப முடியாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. டிராபெக்டெடினை இப்போது, பாக்டீரியாவை நொதிக்கவைத்துக் கிடைக்கும் வேறொரு பொருளிலிருந்து ஆய்வகத்தில் பல படிகளில் செய்துகொள்கிறார்கள். ஹாலிகாண்ட்ரினின் பாதி மூலக்கூறை மட்டும் வைத்துச் செயற்கையாகக் கட்டிய எரிபுலின் 2010-இல் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தானது.

கடைசிச் சுவர் மனித உடல். பலாவ் தீவுக் கடலின் ஒரு கடற்பஞ்சிலிருந்து வந்த மேனோஅலைடு, அழற்சியைத் தொடங்கிவைக்கும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்; எண்ணற்ற கட்டுரைகள் அதைப் பற்றி வந்தன. சொரியாசிஸுக்குத் தோலில் பூசிப் பார்த்தார்கள். தோலுக்குள் போதிய அளவு இறங்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. பஹாமாஸ் கடலடி மண்ணின் பாக்டீரியாவிலிருந்து 2003-இல் வந்த சாலினோஸ்போரமைடு ஏ இன்னும் தூரம் போனது. செல்லின் குப்பைப் புரதங்களை அரைக்கும் புரோட்டியசோம் என்ற இயந்திரத்தில் அது கச்சிதமாக மாட்டிக்கொள்ளும், மூளைக்குள்ளும் நுழையும். அதனால் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து மூன்றாம் கட்டப் பரிசோதனை வரை கொண்டுசென்றார்கள். நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை.

ஒழுங்காகச் சோதித்துத் தோற்றவை இவை. சோதிக்கும் முன்னே விற்பனைக்கு வந்த ஒன்றும் உண்டு: சுறாவின் குருத்தெலும்புப் பொடி. சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்ற பேச்சு அதற்கு விளம்பரமானது. சுறாவுக்கும் புற்று வரும், கட்டிகளோடு பிடிபட்ட சுறாக்கள் பதிவாகியிருக்கின்றன. கதையில் ஒரு துளி அறிவியலும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. குருத்தெலும்பில் ரத்தக்குழாய்கள் இல்லை. திசுக்களை அரித்து வழிவிடும் மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகளைத் தடுக்கும் பொருள்கள் அதன் சாற்றில் உண்டு. கட்டிக்கு ரத்தம் போகாமல் செய்யலாம் என்று கணக்குப் போட்டார்கள். கடைப் பொடியை விட்டுவிட்டு, முறையாகத் தயாரித்த ஒரு சாற்றை எடுத்து, நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரிடம் சோதித்தார்கள். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை. ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடவே சுறாச் சாறு, மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் வெறும் திரவம். முடிவு 2010-இல் வெளியானது. சாறு குடித்தவர்களின் ஆயுட்கால இடைநிலை 14.4 மாதம், வெறும் திரவம் குடித்தவர்களுக்கு 15.6 மாதம். புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.